ஒன்பது விநாடிப் பாட்டும் ஒரு பெண் பார்க்கும் நாளும்

போன வாரம் புதுப் போன் ஒன்று வாங்கினேன். வாங்கிய அன்று எல்லோரும் செய்வதுபோல அதன் செட்டிங்ஸை மேய்ந்துகொண்டிருந்தேன். போன் ஆன் ஆகும்போது வரும் சத்தம் வேண்டுமா, வேண்டாமா என்று ஒரு சின்னப் பட்டன் இருந்தது. தொட்டேன். அணைந்துவிட்டது. அவ்வளவுதான். அரை விநாடி வேலை.

எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. இதே வேலைக்காகப் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு ஆம்பிளைகள் மூன்று நாள் மூளையைக் கசக்கினோம். கையில் ஒரு கட்டிங் பிளையர், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. மூளை என்று சொன்னது மரியாதைக்கு.

அப்போது நான் ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தேன். தகடு உள்ளே போகும். ஏதோ ஒரு வண்டிக்கு ஏதோ ஒரு பாகமாக வெளியே வரும். எந்த வண்டி, எந்தப் பாகம் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. தெரியாததாலோ என்னவோ ஒழுங்காகச் செய்தேன்.

கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே ஸ்விட்ச் ஆஃப் செய்து செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அதைப் புறாக்கூண்டு மாதிரி ஒரு மர ரேக்கில் வைத்துவிட்டு டோக்கன் தருவார். ஒருமுறை ஒருத்தன், 'ரேக்கில் வைத்த போன் செத்துப்போச்சு' என்று கேட்டையே இரண்டாக்கிவிட்டான். அதிலிருந்து புதுச் சட்டம் வந்தது. போனைத் திரும்ப வாங்கும்போது செக்யூரிட்டி கண்ணெதிரில் ஆன் செய்து, முழுசாக உயிர் வந்ததைக் காட்டிவிட்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அவர் ஆனேக்கல் பக்கத்துக்காரர். "ஆன் மாடப்பா, பேக மாடு" என்று கன்னடத்தில் அவசரப்படுத்துவார். நாங்கள் தமிழில் ஆன் செய்வோம்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஏ ஷிப்ட் விடும். அப்போது அந்தக் கேட்டில் நின்று கேட்க வேண்டும். ஒரு போன் மணி குலுக்கும், ஒன்று புல்லாங்குழல் ஊதும், ஒன்று தண்ணீர் சொட்டும், ஒன்று திரையில் இரண்டு கை குலுக்குவதைக் காட்டிக்கொண்டே ராகம் இழுக்கும். நூறு பேர் எட்டு மணி நேரம் மெஷின் சத்தத்துக்குள் கிடந்துவிட்டு வெளியே வந்ததும், முதலில் காதில் விழுகிற மனுஷச் சத்தம் அதுதான். மனுஷச் சத்தம் இல்லைதான். ஆனால் 'வெளிய வந்துட்டோம்டா' என்று அது சொல்கிற மாதிரியே இருக்கும். இப்போது அந்த ரேக் இல்லை. கேமரா மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனோடு உள்ளே அனுப்புகிறார்களாம். போன் என்பதை யாரும் ஆஃப் செய்வதே இல்லை. இரண்டு மணிக்கு அந்தப் பக்கம் போனால் பைக்குகள் கிளம்புவது மட்டும்தான் கேட்கிறது.

கேட்டை ஒட்டி டைம் ஆபீஸ். அதன் வாசலில் இரண்டு மணிக்கு எங்கள் சூப்பர்வைசர் டீ கிளாஸோடு நிற்பார். சேலத்துக்காரர். கேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். யாரையும் தேடுவதுபோலவே இருக்காது. பி ஷிப்டில் ஒருத்தன் வரவில்லை என்றால் அவருக்கு ஓட்டி, அதாவது ஓவர்டைம், பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எப்போதும் நானாக இருந்தேன்.

காரணம் என் போன். அதை எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வாங்கியிருந்தேன். கம்பெனி பெயர் கேட்டபோது கடைக்காரரே பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். விலை குறைவு, திரை பெரிது, சத்தம் அதைவிடப் பெரிது. ஆன் செய்தால் முதலில் கல்யாண வீட்டில் எவர்சில்வர் தட்டுகள் சரிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். அதன்மேல் யாரோ வீணையை இழுப்பார்கள். கடைசியில் ஒரு பெண் குரல் ஏதோ ஒரு மொழியில் ஏதோ ஒரு வார்த்தை சொல்லி முடிக்கும். மொத்தம் ஒன்பது விநாடி. அந்தப் பாட்டு ஓசூரிலேயே என்னிடம்தான் இருந்தது என்று நினைக்கிறேன்.

அந்தத் தட்டுகள் விழுந்ததும் சூப்பர்வைசர் திரும்பாமலேயே சொல்வார்: "தம்பி, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போப்பா."

போவேன். தோளில் கை போடுவார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்பா." எனக்கு 'முடியாது' என்று ஒரு வார்த்தை வாயில் வராது. சின்ன வயசிலிருந்தே அப்படி. கடையில் அளவு பத்தாத சட்டையைக் கடைக்காரர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்காக வாங்கி, ஒரு வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டவன் நான். "சரிங்க சார்" என்று போனை மறுபடி ஆஃப் செய்து ரேக்கில் கொடுத்துவிட்டு உள்ளே போவேன். செக்யூரிட்டி புது டோக்கன் தருவார். அனுதாபத்தோடு தருவார்.

இதனால் இரண்டு முறை ஒரு பெண்ணைப் பார்க்கப் போகாமல் விட்டேன்.

அக்காவைக் கெலமங்கலத்தில் கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அந்தப் பெண்ணின் வீடு. அவளும் ஓசூரில்தான் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவள். அவளுக்கு ஒரு ஷிப்ட், எனக்கு ஒரு ஷிப்ட். இரண்டு பேரும் விழித்துக்கொண்டு வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து அக்கா நாள் குறிப்பாள். அன்றைக்கு என் தட்டுகள் கேட்டில் சரிந்து விழும். நான் பி ஷிப்டில் நிற்பேன். அங்கே கேசரி ஆறும்.

இரண்டாவது தடவைக்கு அப்புறம் அக்கா போனில் பேசினது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏன்டா, இன்னாடா நெனச்சிக்கினு இருக்க? அவங்கப்பா கேக்கறாரு, மாப்பிள்ளைனு ஒரு ஆளு நெஜமா இருக்காரா, இல்ல போட்டோ மட்டும்தானான்னு."

"ஓட்டி குடுத்துட்டாங்கக்கா."

"வரமுடியாதுன்னு சொல்ல வாய் இல்லையா?"

"இருக்குக்கா."

"அந்த வாய வெச்சிக்கினு புதன்கெழம நாலு மணிக்கு வந்து சேரு. இதான் கடைசி. இதுக்கும் வரலைன்னா வேற எடம் பாக்கறதா சொல்லிட்டாங்க. நானும் அந்தத் தெருவுல தல காட்ட முடியாது."

சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பிரஸ் ஷாப்பில் ஒருவரிடம் சொன்னால் அது நோட்டீஸ் போர்டில் ஒட்டிய மாதிரி. எங்கள் லைனில் ஒருத்தன் பெண் பார்க்கப் போவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனான். அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒரு வருஷம் அவனுக்கு 'மாப்ள' என்றுதான் பெயர். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கூட "மாப்ள, ஓரமா நில்லு" என்பார். எனக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று இருந்தது. அதைவிட, போட்டோவில் பார்த்த அந்த முகத்தை அதற்குள் எனக்குக் கொஞ்சம் பிடித்துப் போயிருந்தது. அதை யாரிடம் சொல்வது?

ரூம்மேட்டிடம் சொன்னேன். திருநெல்வேலிக்காரன், எனக்கு அடுத்த மெஷின். விஷயம் முழுக்கக் கேட்டுவிட்டு என் போனை வாங்கி ஆன் செய்தான். பாட்டு முடியும்வரை கண்ணை மூடிக் கேட்டான்.

"ஏல, இது போனால? கோயில் கொடை மேளமால?"

"இத நிறுத்தணும்டா. புதன்கிழமைக்குள்ள."

"நிறுத்திருவோம். இதெல்லாம் ஒரு வேலையால?"

வால்யூமைச் சுத்தமாகக் குறைத்து ஆஃப் செய்து ஆன் செய்தான். தட்டுகள் விழுந்தன. சைலன்ட்டில் போட்டுப் பார்த்தான். விழுந்தன. விரலால் ஸ்பீக்கரை அடைத்தான். சத்தம் பக்கத்தில் இன்னொரு ஓட்டையைக் கண்டுபிடித்து வந்தது. துண்டில் சுற்றினோம். அப்புறம் அவனுக்கு ஒரு யோசனை வந்து, போனை என் டிபன் டப்பாவுக்குள் வைத்து மூடினான். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டு ஓனரம்மா முதன்முறையாக மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார்கள். மறுநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்காரர் போனைப் பார்த்து, "இது உள்ளயே ஊறிப்போனதுண்ணா. அத எடுத்தா போனும் கூடப் போயிடும்" என்று டாக்டர் மாதிரி சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் திருநெல்வேலிக்காரன் சோறு பிசைந்துகொண்டிருந்தவன் அப்படியே நிறுத்தினான்.

"ஹெட்போன மாட்டினா சத்தம் எங்கல போவும்?"

"ஹெட்போனுக்கு."

"அப்பொறம் என்னல!"

ஹெட்போன் வயரோடு போனால் செக்யூரிட்டி பிடுங்கிக்கொள்வார். கம்பெனியில் அதற்குத் தடை. அதனால் ஒரு பழைய ஹெட்போனை எடுத்து, கட்டிங் பிளையரால் பின்னை ஒட்ட நறுக்கினான். வயர் போச்சு, பிளாஸ்டிக் போச்சு, பின் மட்டும் மிச்சம். அதைப் போனின் ஓட்டையில் வைத்து, 'டைட்டா உக்காரட்டும்' என்று ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டினான். ஆன் செய்தோம். திரை ஒளிர்ந்தது. ஒன்பது விநாடியும் மௌனம். இரண்டு பேரும் சோற்றுக் கையோடு கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, பின்னைத் திரும்ப எடுக்கப் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு, அவன் அறையின் அந்த மூலையிலிருந்து எனக்குப் போன் செய்தான். மணி அடித்தது, எடுத்துக் காதில் வைத்தேன், ஒன்றுமே கேட்கவில்லை. குரலும் இல்லாத ஹெட்போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் போட்டால் மட்டும் கேட்டது. ஊருக்கே கேட்டது.

"நாளைக்கு ஒரு நாள்தானல. எவன் போன் பண்ணப் போறான்?" என்றான்.

புதன்கிழமை இரண்டு மணி. வரிசையில் நின்றேன். வியர்த்தது, ஓசூரில் மார்கழியில் வியர்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். டீ கிளாஸோடு அந்த முதுகு அங்கேயே நின்றுகொண்டிருந்தது. டோக்கன் கொடுத்தேன், போன் வந்தது, ஆன் செய்தேன். திரை வந்தது. செக்யூரிட்டி என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனாயித்து? ஹாடு இல்லா?" பாட்டு எங்கே என்கிறார். தொண்டையைத் தொட்டுக் காட்டி, போனுக்குச் சளி என்பதுபோல ஜாடை செய்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். முதுகு திரும்பவில்லை. நான் நடந்தேன். எனக்குப் பின்னால் திருநெல்வேலிக்காரன் போன் டிங் என்றது. "தம்பி, ஒரு நிமிஷம்" என்று கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்தான். நண்பன் இல்லையா?

கெலமங்கலம் பஸ்ஸில் தக்காளிக் கிரேட்டுகளுக்கும் கொத்தமல்லிக் கட்டுகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு போனேன். சட்டையில் கொத்தமல்லி வாசம் ஏறியிருந்தது. நாலு மணிக்கு அந்த வீட்டில் உட்கார்ந்தபோது அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நிஜமாகவே வந்திருக்கிறானா என்று தொட்டுப் பார்க்காத குறை.

பெண்ணின் அப்பா ராகியும் கோஸும் போடுகிற விவசாயி, நல்ல மனுஷர். "வாங்க, வாங்க. போட்டோவுல பாத்ததுக்குக் கொஞ்சம் எளப்பா தெரியறீங்க" என்றார்.

"ஓட்டி பாத்துப் பாத்துங்க" என்றாள் அக்கா.

கேசரி வந்தது. ஒரு வாய் வைத்தேன். போன் அடித்தது. பார்த்தேன்: சூப்பர்வைசர். கட் செய்தேன். மறுபடி அடித்தது. மறுபடி கட். மூன்றாவது தடவை அடித்ததும் பெண்ணின் அப்பா, "எடுங்க, கம்பெனி போனா இருந்தா முக்கியமா இருக்கும்ல. எங்களுக்காக யோசிக்காதீங்க" என்றார்.

எடுத்தேன். பழக்க தோஷம், காதில் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஸ்பீக்கரை அழுத்தினேன்.

"எங்கப்பா இருக்க!" என்று அந்தக் குரல் கேசரித் தட்டு அதிர வந்தது. "ரெண்டு மணியிலருந்து கேட்லயே நிக்கறேன். உன் பாட்டு வரவே இல்ல. உன் ரூம்மேட்டக் கேட்டா தெரியாதுங்கறான், கேட் நோட்டப் பாக்கணும்னு எனக்கும் தோணல. உள்ளயே எங்கயாவது மயங்கிக் கெடக்கறியோன்னு கேன்டீன், பாத்ரூம், ஸ்டோர் பின்னாடி எல்லாம் ஆளு விட்டுத் தேடியாச்சு. கடைசியா போன் போட்டா ரிங் போவுது. அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. போனுக்கு என்னப்பா ஆச்சு?"

என்னை ஓட்டிக்குப் பிடிக்கிறவர் என்றுதான் அவரை நினைத்திருந்தேன். காணோம் என்று தேடுவார் என்று நினைக்கவில்லை.

"ஹெட்போன் பின்ன உள்ள சொருகிட்டேன் சார். சத்தம் வரக்கூடாதுன்னு. கெலமங்கலம் வந்திருக்கேன். பொண்ணு பாக்க."

அப்போது உள் அறையிலிருந்து ஒரு குரல், யாரையும் பார்த்துச் சொல்லாத மாதிரி வந்தது:

"போன ரூம்லயே வெச்சிட்டு வேலைக்குப் போயிருக்கலாம்ல?"

மூன்று நாள், இரண்டு ஆம்பிளைகள். இது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. இன்றைக்கும் திருநெல்வேலிக்காரனிடம் போனில் பேசினால், "அதச் சொல்லாதல" என்பான்.

"யாருப்பா அது பேசறது?" என்றார் சூப்பர்வைசர்.

"பொண்ணு சார்."

"சரியாத்தானப்பா கேக்குது."

உள்ளே யாரோ சிரித்தார்கள். பெண்ணின் அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டார். சூப்பர்வைசருக்கு வேகம் வந்துவிட்டது. "பெரியவங்க யாராவது இருந்தா ஒரு வார்த்த சொல்லிக்கறேன். பையன் தங்கமான பையன்ங்க. அவன் மெஷின்ல ரிஜெக்‌ஷனே வராது. எப்பக் கூப்பிட்டாலும் முடியாதுன்னு சொன்னதே இல்ல."

எனக்குப் பெருமையாக இருந்தது. அக்காவும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உள்ளிருந்த குரல் வாசல்படிக்கு வந்தது. போட்டோவைவிட நன்றாக இருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"எப்பக் கூப்பிட்டாலும் போவாருன்னா, வீட்டுக்கு எப்பங்க சார் வருவாரு?"

இந்தக் கேள்வியைச் சூப்பர்வைசர் வீட்டில் யாரோ ஏற்கனவே கேட்டிருக்க வேண்டும். கொஞ்சம் இருமினார். பேச்சை மாற்றுகிற மாதிரி, "சரிப்பா, நல்லபடியா முடிச்சிட்டு வா. உன் ரூம்மேட்ட ஒரு மெஷின்ல போட்டாச்சு. இன்னொண்ணு சும்மா நிக்குது. ஏழு மணிக்கு வந்தாக்கூடப் போதும், பாதி ஷிப்ட் ஓட்டிக்கலாம்" என்றார்.

அந்த வீட்டில் இருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவளும் இப்போது போனை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில்தான் பார்த்திருக்கிறேன். பாகம் பாஸா, ரிஜெக்டா என்று இன்னும் தெரியாத பார்வை.

"சார்," என்றேன். நாக்கு 'சரிங்க' பக்கமே போனது. இழுத்துப் பிடித்தேன். "முடியாது சார்."

"ஹலோ? என்னப்பா? சரியாக் கேக்கல."

"முடியாது சார்!"

கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஏறி இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர், "அட, உனக்கும் அந்த வார்த்த வருதே!" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

"என்னம்மா சொல்ற?" என்றார் அவள் அப்பா.

அவள் அக்காவிடம் கேட்டாள்: "அவருக்கு வீக்லி ஆஃப் என்னிக்குங்க?"

"செவ்வாய்க்கெழமம்மா."

"எனக்கு வியாழக்கெழம. எங்க கம்பெனில மாத்தித் தரமாட்டாங்க. ஆளுக்கொரு நாள் லீவு இருந்தா, அப்பொறம் எதுக்குக் கல்யாணம் பண்றது?" என்றாள். அதுவரை அவள் குரலில் இருந்த விளையாட்டு அந்த இடத்தில் இல்லை. "அவரு வியாழக்கெழமைக்கு மாத்திக் கேக்கட்டும். கெடச்சா எனக்குச் சம்மதம்."

"கேப்பாம்மா, நாளைக்கே கேப்பான்" என்றாள் அக்கா அவசரமாக.

"நம்பர் கையிலதான இருக்கு" என்றாள் அவள்.

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். நம்பரைப் போட்டேன். ஸ்பீக்கரில்தான். அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்.

"என்னப்பா, மனசு மாறிட்டியா? வர்றியா?" என்றார் ஆசையாக.

"இல்ல சார்," என்றேன். இந்த முறை அது அவ்வளவு கனமாக இல்லை. "எனக்கு வியாழக்கிழமை ஆஃப் வேணும் சார். இந்த வாரம் மட்டும் இல்ல. எல்லா வாரமும்."